கறுத்த கொலுசும் அழுகிய முட்டை வாயுவும்

எவர்சில்வர் தட்டு ஒன்றில் என் தங்கை சுமதியின் கொலுசைப் போட்டு ஊருக்கு நடுவே வைத்திருந்தார்கள். வலை காயப்போடும் கொட்டகைக்கு அடியில் கிராமத்தார் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வருகிறவர் போகிறவர் எல்லாம் குனிந்து தட்டை எட்டிப் பார்த்து, உச்சுக் கொட்டிவிட்டு நகர்ந்தார்கள். சாவு வீட்டில் முகம் பார்ப்பதுபோல் இருந்தது எனக்கு.

கல்யாணத்தில் எங்கள் நைனா போட்ட கொலுசு அது. வெள்ளை வெளேரென்று இருந்தது இப்போது அடுப்புக்கரி நிறத்தில் கிடந்தது.

“ஒடம்புல சீக்கு இருந்தாத்தான் வெள்ளி கறுக்கும். இது யாருக்குத் தெரியாது? சீக்காளிப் பொண்ண எங்க தலையில கட்டிட்டாங்கோ,” என்று கையை நீட்டி நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார் சுமதியின் மாமியார் கன்னியம்மா. “எம் புள்ளைக்கு அத்து உட்டுடுங்க. நான் வேற எடம் பாத்துக்கறேன்.”

அத்து விடுவது என்றால் கல்யாணத்தை ஊரார் முன்னால் தீர்த்துவிடுவது. எங்கள் குப்பங்களில் அப்போதெல்லாம் இதற்காக யாரும் பொன்னேரிக் கோர்ட்டுக்குப் போவதில்லை. கிராமத்தார் சொன்னால் முடிந்தது.

அத்து விடுவதுகூடப் பெரிதில்லை. பிழைத்துக்கொள்ளலாம். சீக்காளி என்று சொல்லி அத்து விட்டால்தான் வினை. அந்தப் பேர் கரையோரம் பூராவும் ஒரே வாரத்தில் பரவிவிடும். அப்புறம் அவள் கையால் ஒரு கூடைக் கருவாடு விற்க முடியாது. அவள் குடித்த டம்ளரில் இன்னொருத்தர் தண்ணீர் குடிக்கமாட்டார்கள்.

நான் அப்போது பொன்னேரியில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி கடைசி வருஷம். தட்டை ஒரு பார்வை பார்த்ததுமே என்ன நடந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததை அந்தக் கூட்டத்துக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு இருக்கிறதே, இத்தனை வருஷம் கழித்து எழுத உட்காரும்போதும் ரத்தக்கொதிப்பு ஏறுகிறது.

கல்லறையில் பாடம்

மூத்தவள் நான் இருக்க இளையவளுக்கு எப்படி முதலில் கல்யாணம் என்று நீங்கள் கேட்கலாம். ஊரும் கேட்டது. “பெரியவ படிக்கிறேன்னு நிக்கறா. சின்னவளையாச்சும் கரை சேக்கறேன்,” என்று நைனா எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னார். சுமதி பத்தாவதோடு நின்றுவிட்டாள். நிறுத்தினார்கள் என்பதுதான் சரி.

எங்கள் வீடு ஒற்றை அறை. ஒரு பக்கம் நைனா வலை பொத்துவார், இன்னொரு பக்கம் அம்மா பக்கத்து வீட்டுக்காரியோடு சத்தமாகப் பேசிக்கொண்டிருப்பாள். அங்கே உட்கார்ந்து படிக்க முடியுமா? அதனால் பரீட்சை நாட்களில் நானும் சுமதியும் பழவேற்காட்டு டச்சுக் கல்லறைக்குப் போய்விடுவோம்.

வாசலில் கல்லில் செதுக்கின இரண்டு எலும்புக்கூடுகள் நிற்கும். உள்ளே மண்டையோடும் எலும்பும் போட்ட கல்லறைகள். என்றைக்கோ இங்கே துணி வியாபாரம் பண்ண வந்து, ஜுரத்தில் செத்துப்போன டச்சுக்காரர்கள். எங்களைப் பொறுத்தவரை சத்தம் போடாத மனிதர்கள் ஊரிலேயே அவர்கள்தான்.

சுமதி புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பாள். நான் சொல்ல வேண்டும்.

“ஹைட்ரைடு?”

“ஹைட்ரஜன் இன்னொரு தனிமத்தோட சேந்தது. உலோகமா இருந்தா சோடியம் ஹைட்ரைடு, கால்சியம் ஹைட்ரைடு.”

“ஹைட்ரேட்டு?”

“உப்புக்குள்ள தண்ணி ஒட்டிக்கினு இருக்கறது. மயில் துத்தம் நீலமா இருக்கே, அதுல தண்ணி கீது. காய்ச்சினா வெளுத்துடும்.”

“ஹைட்ராக்சைடு?”

“ஒரு ஹைட்ரஜனும் ஒரு ஆக்சிஜனும் ஜோடியா வந்து ஒட்டறது. சுண்ணாம்பு.”

“எல்லாத்துக்கும் ஒரே மூஞ்சி வெச்சிக்கினு, பேரை மட்டும் மாத்தி மாத்தி வெச்சிக்கிறானுங்கோ. இன்னா ரோதனை இது?” என்று புத்தகத்தை மூடிவிடுவாள்.

சுண்ணாம்பு என்றால் அவளுக்குப் புரியும். ஏரியில் அள்ளுகிற கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு, தண்ணீர் தெளித்தால் புஸ்ஸென்று கொதித்துப் பொடியாக உதிருமே, அதுதான் கால்சியம் ஹைட்ராக்சைடு. டச்சுக்காரன் கோட்டையும் அந்தச் சுண்ணாம்பில் கட்டினதுதான் என்பார்கள். கோட்டை போய்விட்டது. இப்போது அங்கே முள்ளுச்செடிதான் இருக்கிறது.

ஒருநாள் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்தார்கள். ஹாலந்திலிருந்தாம். தங்கள் ஊர்க்காரர்களின் கல்லறை மேல் உட்கார்ந்து இரண்டு பெண்கள் என்ன மந்திரம் ஓதுகிறார்கள் என்று அவர்களுக்குச் சந்தேகம். ஹைட்ரஜன் என்றேன். அந்த அம்மா சிரித்துவிட்டு, தங்கள் பாஷையில் அதற்கு நீர்ப்பொருள் என்று அர்த்தம் வருகிற மாதிரி ஒரு பேர் சொன்னாள். நம் பழைய பாடப்புத்தகங்களில் நீரகம், நீரியம் என்றெல்லாம் போட்டிருப்பார்கள், கிட்டத்தட்ட அதேதான்.

“அவங்க பாஷையில சுலுவா கீது. ஒனக்கு ஏன் இப்டி நாக்கு சுளுக்கற மாதிரி வெச்சாங்கோ?” என்று சுமதி என்னைக் கேட்டாள். நான்தான் பேர் வைத்தவள்போல்.

கெமிஸ்ட்ரி படித்த பெண்

குப்பத்தில் கெமிஸ்ட்ரி படிக்கிறவளாக இருப்பது எவ்வளவு பெரிய தொல்லை என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். முதலில் என்னை மருந்துக் கடைக்காரி என்று நினைத்தார்கள். காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டு வந்தார்கள். இல்லை, நான் படிப்பது வேறு என்று சொன்னால், “தெரியலன்னா தெரியலனு சொல்லு,” என்று போனார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா காலில் கிளிஞ்சல் கிழித்து, கம்பவுண்டர் புண்ணில் ஏதோ ஊற்றினாராம். நுரை பொங்கியது. விஷம் நுரைக்கிறது என்று அழுதுகொண்டே என்னிடம் வந்தாள். “அது ஹைட்ரஜன் பெராக்சைடு அக்கா. தண்ணியில இருக்கற அதே ரெண்டு சாமான்தான், ஆக்சிஜன் மட்டும் ஒண்ணு கூட. அந்த ஆக்சிஜன்தான் நுரையா வருது,” என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “தண்ணிய ஊத்திட்டு காசு வாங்கிட்டானா அவன்?” என்று கம்பவுண்டரோடு சண்டைக்குப் போய்விட்டாள்.

ஐஸ் கம்பெனியில் அம்மோனியா கசிந்தபோதும் அப்படித்தான். கண் எரிந்து எல்லோரும் ஓடி வர, என்னைப் பிடித்து நிறுத்தி, “நீதான் படிச்சவ, போய் மூடிட்டு வா,” என்றார்கள். அதுவும் ஒரு ஹைட்ரஜன் சேர்மம்தான், நைட்ரஜனோடு சேர்ந்தது. எழுதத் தெரியும் என்பதற்காக மூடத் தெரியுமா? ஈரத் துணியை முகத்தில் கட்டிக்கொண்டு நானும் மற்றவர்களோடு சேர்ந்து ஓடினேன். அதற்கு ஒரு மாதம் கிண்டல் பண்ணினார்கள்.

கல்லூரியிலோ எதிர்ப்பக்கத் தொல்லை. ஆய்வுக்கூடத்தில் கிப் சாதனம் என்று ஒரு கண்ணாடி ஜாடி உண்டு. மூன்று அடுக்காக இருக்கும். அதில் இரும்பு சல்பைடைப் போட்டு அமிலத்தை ஊற்றினால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு வரும். இரண்டு ஹைட்ரஜன், ஒரு கந்தகம். அழுகிய முட்டை நாற்றம். உப்பு கண்டுபிடிக்கும் சோதனைக்கு அது இல்லாமல் முடியாது.

எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவார்கள். அனுப்பம்பட்டிலிருந்து ரயிலில் வரும் என் சிநேகிதி ஒருத்தி, சோதனை நாளில் தன் பக்கத்து சீட்டில் யாருமே உட்காருவதில்லை என்று அழுவாள். எனக்கு அந்தக் கவலை இல்லை. பழவேற்காட்டு பஸ்ஸில் மீன் கூடைகளுக்கு நடுவே என் துணி நாற்றம் யாருக்குத் தெரியப்போகிறது?

முதல் தடவை அந்த வாயு என் மூக்கில் ஏறியபோது நான் ஓடவில்லை. அது எனக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த வாசனை. கோடையில் தண்ணீர் இறங்கினதும் ஏரிக்கரைச் சேற்றில் காலை வைத்தால் குமிழ் விட்டுக் கிளம்புமே, அதே நாற்றம். எங்கள் வீட்டு வாசலில் சும்மா வருகிறதைக் கண்ணாடி ஜாடியில் தயார் பண்ணி, அதற்குப் பரீட்சையும் வைக்கிறார்களே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

முகத்துவாரம் மூடின வருஷம்

சுமதியைக் கட்டிக் கொடுத்தது ஏரிக்கு உள்ளே இருக்கிற ஒரு குப்பத்தில். பேர் வேண்டாம், அங்கே இன்னும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். பழவேற்காட்டில் படகு ஏறி, பசியாவரம் தாண்டி இன்னும் போக வேண்டும் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை தேசப்பன் நல்ல உழைப்பாளி. அதிர்ந்து பேசமாட்டான் என்று பெண் பார்க்கும்போது பெருமையாகச் சொன்னார்கள்.

அவர்கள் வீட்டில் நண்டு வளர்ப்பு. கரையோரச் சேற்றில் மூங்கில் தட்டியால் அடைப்புக் கட்டி, உள்ளே இளைத்த நண்டுகளை விட்டு, இரை போட்டுத் தேற்றி விற்பார்கள். இரை போடுவது, செத்ததைப் பொறுக்குவது, தட்டி சரிந்தால் நிமிர்த்துவது, இதெல்லாம் கல்யாணம் ஆன மறு மாதமே சுமதி தலையில் விழுந்தது. காலையிலும் மாலையிலும் முழங்கால் அளவு சேற்றில் நிற்பாள்.

அந்த ஊர்ப் பெண்கள் சேற்றில் இறங்குமுன் கொலுசைக் கழற்றி வைத்துவிடுவார்கள். உள்ளே கழன்று விழுந்தால் கிடைக்காது என்று பயம். ஆனால் புதுப் பெண் முதல் வருஷம் கொலுசைக் கழற்றக்கூடாது என்பது கன்னியம்மா வீட்டு வழக்கம். கழற்றினால் வீட்டுக்கு ஆகாதாம். சரி, கழற்ற வேண்டாம், அப்படியானால் அவளைச் சேற்றில் இறக்காமலாவது இருக்கலாம் இல்லையா? அது மட்டும் கூடாது. வழக்கமும் நடக்க வேண்டும், நண்டுக்கு இரையும் விழ வேண்டும்.

அந்த வருஷம் பார்த்து முகத்துவாரம் மண் மூடிக்கொண்டது. கடல் தண்ணீர் உள்ளே வரவில்லை. ஏரி தேங்கிப்போய்க் கிடந்தது. தேங்கின தண்ணீரின் அடிச்சேற்றில் காற்றே படாமல் வாழ்கிற நுண்ணுயிர்கள், கடல் உப்போடு இருக்கும் சல்பேட்டைத் தின்று இந்த ஹைட்ரஜன் சல்பைடைத்தான் வெளியே விடும். அது வெள்ளியில் பட்டால் சில்வர் சல்பைடு ஆகிவிடும். நிறம் கறுப்பு. முதல் வருஷ மாணவிகூடச் சொல்லக்கூடிய விஷயம்.

கழற்றக்கூடாது என்ற அந்தக் கொலுசைத் தானே கழற்றி எடுத்துவந்து, அதை வைத்துத்தான் என் தங்கைக்குச் சீக்கு என்று ஊர் கூட்டினார் கன்னியம்மா. அதற்கு மேல், இத்தனை மாசம் ஆகியும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லையே, அதற்கும் அந்தச் சீக்குதான் காரணம் என்று ஒரு போடு.

ஹைட்ரஜன் என்றால் பலூன்

மறுபடி கொட்டகைக்கு வருகிறேன். எங்கள் பக்கம் நைனாவும் நானும் மட்டும். எதிரே கன்னியம்மாவுக்குப் பக்கத்தில் தேசப்பன் உட்கார்ந்திருந்தான். சமாதானம் பேசிப் பெண்ணை மறுபடி சேர்த்துவைக்கலாம் என்று நைனா ஒரு பை நிறையப் பழமும் வெற்றிலை பாக்கும் வாங்கி வந்திருந்தார். நான் என் பையில் ஈய அசிடேட் தடவிய தாள்கள் கொஞ்சம் கொண்டு வந்திருந்தேன். ஆய்வுக்கூடத்தில் கேட்டு வாங்கியது. ஹைட்ரஜன் சல்பைடு பட்டால் அந்தத் தாள் கறுத்துவிடும்.

ஊர்ப் பெரியவர் தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, “படிச்ச பொண்ணு ஏதோ சொல்லணும்னுது. சொல்லும்மா,” என்றார்.

“பெரிப்பா, இது சீக்கு இல்ல. சேத்துல ஹைட்ரஜன் சல்பைடுனு ஒரு வாயு கீது. அது...”

“ஹைட்ரஜன்னா இன்னா?”

“ஒரு வாயு. எல்லாத்தையும் விட லேசானது.”

“திருவிழாவுல பலூன்ல அடைப்பானே, அதுவா?” என்றார் இன்னொருவர்.

“அதேதான் மாமா. ஆனா இது தனியா இல்ல, கந்தகத்தோட சேந்து கீது. சேந்துட்டா கொணம் மாறிடும். இப்ப தண்ணியில கூட ஹைட்ரஜன் கீது, ஆக்சிஜனோட சேந்து...”

“தண்ணியில பலூன் காத்து கீதுன்றியா?”

“அப்போ படகு ஏன் பறக்கல?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். கொட்டகை முழுக்கச் சிரித்தது.

“இரு இரு,” என்று எழுந்தார் ரேடியோ கேட்கும் பழக்கமுள்ள ஒருவர். “ஹைட்ரஜன் குண்டுனு சொல்றாங்களே, ஊரையே அழிச்சிடும்னு. அது நம்ம ஏரிக்கு அடியிலயா கீது?”

நான் தலையில் அடித்துக்கொண்டேன். தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜன் வெடிக்காது, வயிற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது, அதனால் வயிறு வெடித்தா போகிறது என்று ஏதோ சொல்லப்போய், “வவுத்துல ஆசிடா?” என்று கன்னியம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “பாத்தீங்களா, அக்காவே ஒத்துக்கினா! வவுத்துல ஆசிட் இருந்தா கொழந்த எப்படித் தங்கும்?”

அத்தை, உங்கள் வயிற்றிலும் இருக்கிறது என்று நான் கத்தினேன். மரியாதை தெரியாத பெண் என்று அதற்கு ஒரு தனி விசாரணை நடந்தது.

இனிப் பேச்சு வேண்டாம், கண்ணால் காட்டிவிடலாம் என்று தாளை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். கூட்டமும் பின்னாலேயே வந்தது. ஒரு குச்சியால் சேற்றைக் கிளறி, குமிழ் வருகிற இடத்தில் ஈரத் தாளைக் காட்டினேன். வெள்ளைத் தாள் பழுப்பாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஆய்வுக்கூடத்தில்கூட அவ்வளவு அழகாக வந்ததில்லை.

பெரியவர் மெதுவாகக் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“இது மை போட்டுப் பாக்கறதுதான?”

“இன்னா?”

“வெத்தலையில மை தடவிப் பாப்பாங்களே. நீ தாள்ல பாக்கற. ஷோக்கா வருது. அப்டியே போன மாசம் நம்ம படகு இஞ்சின எவன் தூக்கினான்னு பாத்துச் சொல்லும்மா.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. மையும் இல்லை, மந்திரமும் இல்லை, சேற்றிலிருந்து கிளம்புகிற வாயு என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். அப்போதுதான் ஊர்ச் சரக்கை மெட்ராசுக்கு ஏற்றிவிடுகிற மீன் ஏஜெண்டு குறுக்கே வந்தார்.

“இந்தாம்மா, நிறுத்து. ஏரியில விஷ வாயு கீதுனு நீ பாட்டுக்கு ஊருக்குச் சொல்லிக்கினு போனா, நாளைக்கு மெட்ராஸ் வண்டி வருமா? நண்டு எவன் வாங்குவான்?”

அவ்வளவுதான். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் முகம் மாறிவிட்டார்கள். நண்டுக்கு ஒன்றும் ஆகாது, தண்ணீர் ஓடினால் சரியாகிவிடும் என்று நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை. ஏரிக்குக் கெட்ட பேர் வரக்கூடாது என்பதில் எல்லோரும் ஒன்றாகிவிட்டார்கள். ஏரிக்கு வரக்கூடாத கெட்ட பேர் என் தங்கைக்கு வரலாமாம். ஒரு பெண் தலையில் போட்டுவிட்டால் மெட்ராஸ் வண்டி நிற்கப்போவதில்லையே. எனக்கு வந்த ஆத்திரத்தில் மிச்சத் தாள்களைக் கிழித்துச் சேற்றில் போட்டேன். விழுந்த தாள்களும் சமர்த்தாகக் கறுத்தன.

சுமதி பேசினாள்

கொட்டகைக்குத் திரும்பினோம். சரி, வழக்கப்படி தீர்த்துவிடலாம் என்று பெரியவர் தொண்டையைச் செருமினார். நைனா பழப் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, “கொஞ்சம் யோசனை பண்ணுங்க,” என்று யார் முகத்தையும் பார்க்காமல் கெஞ்சினார். நான் இன்னொரு முறை வாயைத் திறந்தேன்.

“அக்கா, நீ குந்து,” என்றாள் சுமதி.

அவள் அதுவரை கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தாள். பஞ்சாயத்தில் பெண்ணுக்காக அவள் வீட்டார்தான் பேச வேண்டும். அவள் பேசுவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

“பெரிப்பா, வெள்ளி கறுத்தா ஒடம்புல சீக்குனு அத்தை சொல்றாங்க. நீங்களும் அதான் சொல்றீங்க. சரிதான?”

“சரிதாம்மா.”

“அப்போ இவுரு இடுப்புல கீற அரணாக்கொடியும் கறுப்பாத்தான் கீது. இவுருக்கு இன்னா சீக்கு?”

எங்கள் ஆண்கள் இடுப்பில் வெள்ளி அரணாக்கொடி கட்டியிருப்பார்கள். கட்டினால் சாகும்வரை அவிழ்ப்பதில்லை. லுங்கிக்குள் இருப்பது, வீட்டுப் பெண்களைத் தவிர யாரும் பார்ப்பதில்லை. மார்பளவு தண்ணீரில், சேற்றில், நாள் முழுக்க நின்று வலை இழுக்கிற ஆண்கள். அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவர் கையும் தானாக லுங்கி முடிச்சுக்குப் போனதை நான் பார்த்தேன்.

“ஆம்பள கதை வேற!” என்று கத்தினார் கன்னியம்மா. “அவன் உப்புத் தண்ணியில, சேத்துல நிக்கறவன்!”

“நானும் அதே சேத்துலதான அத்தை நின்னேன்? நீங்கதான எறக்கி உட்டீங்க?”

பெரியவர் தேசப்பனைப் பார்த்து, “எழுந்திருடா. சட்டையத் தூக்கு,” என்றார். தேசப்பன் எழுந்தான். தூக்கினான். கொலுசுக்கும் அதற்கும் நிறத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை.

“ஏ கன்னியம்மா, அப்டிப் பாத்தா என்னுதும் கறுப்புத்தான்,” என்றார் பெரியவர். யாரோ சிரித்தார்கள், அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். மீன் ஏஜெண்டு மட்டும் சிரிக்கவில்லை. “இந்தப் பொண்ணுக்கு சீக்கு கெடையாது. ஊரு பூரா கேட்டுக்கங்க,” என்று பெரியவர் சத்தமாகச் சொன்னார்.

ஹைட்ரஜன், கந்தகம், கிப் சாதனம், ஈய அசிடேட் என்று நான் தொண்டை கிழியக் கத்தியது ஒருவர் காதிலும் ஏறவில்லை. ஓர் அரணாக்கொடி ஒரே நிமிஷத்தில் ஏற்றிவிட்டது. எனக்குச் சந்தோஷம் பாதி, எரிச்சல் பாதி.

கன்னியம்மா எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார். “சரி சரி, ஆனது ஆச்சு. வா போலாம், நண்டுக்கு எர போடல இன்னும்,” என்றார் சுமதியிடம். என் நைனா முகம் மலர்ந்து பழப் பையைத் திறக்கப் போனார்.

சுமதி நகரவில்லை. அவள் தேசப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒனக்குத் தெரியும் இல்ல?” என்று கேட்டாள்.

அவன் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டான். “தெரியும்.”

“அத்தை சீக்குனு சொன்ன மொத நாளே தெரியுமா?”

“நெனச்சேன். அம்மா பேசிக்கினு இருக்கறப்போ நடுவுல நான் எப்படி...” என்று இழுத்தான்.

சுமதி பெரியவர் பக்கம் திரும்பினாள். “பெரிப்பா, அத்து உட்டுடுங்க.”

“இன்னாம்மா இது! இப்பத்தான ஒனக்கு சீக்கு இல்லனு சொன்னேன்?”

“அதுக்குத்தான் காத்துக்கினு இருந்தேன். இப்போ நான் கேக்கறேன்.”

“காரணம்னு ஒண்ணு சொல்லணுமேம்மா.”

“பதிலு அவுரு இடுப்புலயே இருந்திச்சு. ஊரு நடுவுல என்னிய சீக்காளினு சொன்னாங்கோ, வாயத் தொறக்காம குந்திக்கினு இருந்தாரு. வேற இன்னா காரணம் வேணும்?”

பெரியவர் நைனாவைப் பார்த்தார். நைனா அவளைத் திட்டப்போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் பழப் பையைக் கீழே வைத்தார். “எம் பொண்ணு கேக்கறத குடுத்துடுங்க,” என்றார்.

எங்கள் வழக்கத்தில் அத்து விடும்போது ஆண்தான் ஒரு துரும்பை எல்லோர் முன்னாலும் கிள்ளிப் போட வேண்டும். பெரியவர் கொட்டகைக் கூரையிலிருந்து ஒரு துரும்பை உருவித் தேசப்பன் கையில் கொடுத்தார். அவன் அம்மாவைப் பார்த்தான். துரும்பைப் பார்த்தான். மறுபடி அம்மாவைப் பார்த்தான்.

சுமதி கிட்டே போய், அவன் விரல்களுக்கு நடுவிலிருந்து அதை வாங்கி, தானே இரண்டாகக் கிள்ளிக் கீழே போட்டாள்.